சமையல்காரியை இறக்கிவிடலாமா?

எனக்குக் கதை என்றாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் பழி வரக்கூடாது. நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொன்னால் எங்கள் வீட்டில் அதற்குப் பொய் என்று பெயர். எழுதிவைத்தால் மட்டும் அதற்கு மரியாதை வந்துவிடுமா? அப்படிப்பட்ட என்னை, கதை எழுதுகிற ஒருத்திக்கு நாத்தனாராக்கி, அவளோடு ஒரே வீட்டில் குடிவைத்து, அதுவும் போதாதென்று ஒரே இடத்தில் வேலைக்கும் சேர்த்துவிட்டது விதி. யாரைப் போய் நோவது?

நானும் அண்ணியும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருக்கிறோம். கட்டடத்தின் அடித்தளம் அது. மேலே பதினான்கு வார்டு. காலையில் அழுக்கு மூட்டைகள் இறங்கும். கையுறை மாட்டிக்கொண்டு அவற்றைப் பிரித்து, கூடவே வரும் எண்ணிக்கைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. மதியத்துக்கு மேல் நாங்கள் இருவரும் மடிப்பு மேசைக்குப் போய்விடுவோம். சூடான உருளையிலிருந்து வெளியே வரும் படுக்கை விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடப்போம், விலகுவோம், மறுபடி நடப்போம். நீளவாட்டில் இரண்டு, அதையே திரும்ப இரண்டு, பிறகு குறுக்கில் மூன்று. தையல் ஓரம் உள்ளே போகவேண்டும். ஒரு முனை மட்டும் மூக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மேலே நர்ஸ் அந்த மூக்கைப் பிடித்து ஓர் உதறு உதறினால் முழு விரிப்பும் விரிந்துவிடும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. அங்கே எனக்கு ‘ஸ்டீம்’ என்று பெயர். நீராவிக் குழாய் சொல்லாமல் கொள்ளாமல் சீறும் அல்லவா, அதனால் வைத்த பெயர். வைத்தவன் யார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணிக்கு இந்த எழுத்துப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று தெரியாது. வரும்போதே கொண்டுவந்துவிட்டாள். கிழித்த காலண்டர் தாள், மருந்துச் சீட்டு, பஸ் டிக்கெட் என்று எதன் பின்பக்கத்தையும் விடமாட்டாள். ஒரு முறை என் அண்ணன் கடையில் நின்று, அவள் கொடுத்த பட்டியலைச் சத்தமாகப் படித்திருக்கிறான். “சோப்பு ரெண்டு, தீப்பெட்டி ஒண்ணு, உப்பு ஒரு கிலோ, கடைசி பஸ்ஸை விட்டவன் முதல்ல யாரை நினைப்பான்?” கடைக்காரர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, கடைசிக்கு மட்டும் கொஞ்சம் யோசித்து, “டிரைவரைத்தான், வேற யாரை?” என்றாராம். அந்த ஒரு பதிலில் அண்ணி இரண்டு நாள் வாயெல்லாம் பல்லாகத் திரிந்தாள்.

ஆனால் எழுதியதை யாரும் படித்ததில்லை. அண்ணனுக்குப் படித்துக் காட்டினால் மூன்றாவது வரியில் கொட்டாவி வந்துவிடும். கூரையைப் பார்த்து, “ம், நல்லாத்தான் இருக்கு” என்பான். என்னிடம் வந்தால் நான், “இது நெசமா நடந்துச்சா? இல்லன்னா எனக்கு வேணாம்” என்பேன். அவளும் சிரித்துக்கொண்டே காகிதத்தைச் சுருட்டி அடுப்படிக் குப்பையில் போட்டுவிடுவாள்.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்லவேண்டும். என் கல்யாணம் ஒன்றரை வருஷத்தில் முறிந்தது. கையில் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் நின்று, “பத்து நாள் இருந்துட்டுப் போறேன்” என்றேன். பதினொரு வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை உருளை நின்றுபோய், மெக்கானிக் வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தோம். மேலே போகும் சுத்த மூட்டையிலும் ஒரு சீட்டுக் கட்டுவோம். விரிப்பு இத்தனை, தலையணை உறை இத்தனை என்று முன்பக்கம் இருக்கும், பின்பக்கம் வெறுமை. வெறும் தாளைக் கண்டால் அண்ணிக்குக் கை அரிக்கும். எழுதினாள்: ‘அந்தக் கப்பலில் யாரும் கடலுக்குப் பயப்படவில்லை. சமையல்காரிக்குத்தான் பயந்தார்கள்.’ அதற்குள் உருளை ஓட ஆரம்பித்துவிட்டது. அவசரத்தில் சீட்டு மூட்டையோடு எலும்பு வார்டுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை அந்த வார்டின் அழுக்கு மூட்டையைப் பிரிக்கிறேன். எண்ணிக்கைச் சீட்டின் பின்னால் கொட்டை எழுத்தில் ஒரே வார்த்தை: ‘அப்புறம்?’

அண்ணி அதைப் படித்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

“ஏய், யாரோ அப்புறம்னு கேக்கறாங்கடி!”

என் இரண்டு கையையும் பிடித்து ஈரத் தரையில் ஒரு சுற்று சுற்றிவிட்டாள். அவளுக்கு நாற்பத்தாறு வயசு, முழங்கால் வலி வேறு. “விடுங்க அண்ணி, விழுந்து தொலைக்கப் போறோம்!” என்று கத்துகிறேன், காதில் விழவில்லை. அத்தனை வருஷமாக நாங்கள் எல்லோரும் அவளிடம் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றுதான் சொல்லியிருக்கிறோம். ‘அப்புறம் என்ன ஆச்சு’ என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. எனக்கு அன்றைக்குத்தான் அது உறைத்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அன்றிலிருந்து நாளுக்கு ஒரு சீட்டு. எலும்பு வார்டுக்குப் போகும், அங்கிருந்து நர்ஸுகள் கைமாற்றி வார்டு வார்டாக ஏறி இறங்கும். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. விரிப்பின் அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வரும்போதே உதடு முணுமுணுக்கும். நெருங்கியதும், “ஏன்டி, பல் வலியோட ஒரு கேப்டன் எப்படிக் கட்டளை போடுவான்?” என்பாள். விலகும்போது, “வேணாம், கிடைச்சிருச்சு” என்பாள். காய்கறிப் பையோடு மாடி ஏறுகிறவள் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிடுவாள்.

“கிடைச்சிருச்சு!”

“என்ன, சாவியா?”

“இல்லடி, கேப்டன் கப்பல்ல எந்தக் காலை முதல்ல வைப்பான்னு.”

உருளைக்கிழங்கு மூன்று படியில் உருண்டு போய்க்கொண்டிருக்கும். நான்தான் ஓடிப் பொறுக்குவேன். அண்ணனின் மதியச் சாப்பாட்டு டப்பாவில் முட்டைக்கு உப்பு இராது, மறுநாள் இரட்டை உப்பு இருக்கும். எங்கள் சூப்பர்வைசர் ஒரு நாள் விறைப்பாக வந்து நின்றார்.

“சீட்டுல கண்டதையும் எழுதக்கூடாதுன்னு ரூல் இருக்கும்மா.”

“சரிங்க சார்.”

“சரி, அந்தக் கேப்டன் பல்லைப் பிடுங்கினாங்களா, இல்லையா?”

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒன்பதாவது சீட்டில் அந்தச் சமையல்காரி வாயைத் திறந்து, “நான் ஒண்ணும் சும்மா கத்தல, மூணு தடவை யோசிச்சிட்டுத்தான் கத்தறேன்” என்றாள். படித்தவுடன் எனக்குப் பகீரென்றது. அது நான் சொல்கிற வசனம். அண்ணனிடம் வாரத்துக்கு நான்கு முறை சொல்வேன். அதற்கப்புறம் பார்த்தால், எதைக் கேட்டாலும் வானத்தைப் பார்க்கிற அந்தக் கேப்டன் வேறு யார்? எங்கள் அண்ணன்தானே! கூரைக்குப் பதில் வானம், அவ்வளவுதான் வித்தியாசம்.

விரிப்பின் என் பக்கத்து முனைகளை அப்படியே விட்டுவிட்டேன். தரையில் பட்ட விரிப்பு மறுபடி சலவைக்குப் போயாக வேண்டும். “என்னாச்சுடி?” என்றாள் அண்ணி. “கை வழுக்கிருச்சு” என்றேன். மூணு தடவை யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்.

இருபத்திரண்டாவது சீட்டில் இடி விழுந்தது. சமையல்காரி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள், கேப்டன் சாப்பிட வரவில்லை. கையில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் போய் அதைப் பிடுங்கிக் கொதிக்கிற சூப்பில் போட்டுவிட்டாள். கப்பல் திசை தெரியாமல் சுற்றுகிறது. பயணிகள் எல்லோரும் சேர்ந்து, அடுத்த தீவில் அவளை இறக்கிவிட வேண்டும் என்கிறார்கள். சீட்டின் அடியில் அண்ணி எழுதியிருந்தாள்: ‘சமையல்காரியை இறக்கிவிடலாமா? உங்கள் கருத்து என்ன?’

இரண்டு மாசத்துக்கு முன்னால் என் அண்ணனின் செல்போனைப் பிடுங்கித் தண்ணீர் வாளியில் போட்டவள் நான். ஆறு தடவை சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை, போட்டேன். அண்ணன் கூரையைத்தான் பார்த்தான். அண்ணியும் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இப்போது பதினான்கு வார்டைக் கூட்டி வைத்துக் கேட்கிறாளே! என்னை இந்த வீட்டிலிருந்து அனுப்பலாமா என்றுதானே கேட்கிறாள்? அவளிடம் நேராகக் கேட்டிருக்கலாம். ‘ஆமா’ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? பெட்டி கட்டிலுக்கு அடியிலேயேதான் இருக்கிறது.

மறுநாள் மூட்டைகளில் கருத்துகள் வந்து குவிந்தன. எல்லாம் முதலில் என் கைக்குத்தான் வரும். பதினேழு சீட்டு. பதினாறு பேர் இறக்கிவிடச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் ‘பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விடுகிறார்’ என்று மட்டும் எழுதியிருந்தார். எல்லாருக்கும் தலைவி, முதல் நாள் ‘அப்புறம்?’ கேட்ட அதே கொட்டை எழுத்து ஆள்: ‘திசைகாட்டிய சூப்புல போட்டவள வச்சுக்கிட்டு எந்த வண்டியும் ஊர் போய்ச் சேராது. இறக்குங்க. இப்படிக்கு, லாரி ஓட்டுபவள், எலும்பு வார்டு, நாலாம் கட்டில்.’

“உன் காலு இன்னும் ஆறு மாசம் கூடாம போக!” என்று வாய்விட்டே சொன்னேன். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

அப்போதுதான் அந்தக் காரியம் செய்தேன். தேநீர் இடைவேளையில் சோப்புத்தூள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, ஒரு வெற்றுச் சீட்டில் இடக்கையால் எழுதினேன்: ‘சமையல்காரியை இறக்க வேண்டாம். இப்படிக்கு, ஒரு நோயாளி.’ படித்துப் பார்த்தால் சப்பென்று இருந்தது. யார் இந்த நோயாளி? ஏன் வேண்டாம் என்கிறான்? அவனுக்கு என்ன வந்தது? யோசித்தேன். சரி, வயசானவர் என்று வைத்துக்கொள்வோம். வைத்தவுடன் அவருக்குக் காது கேட்காமல் போய்விட்டது. சத்தியமாக நான் அதை நினைக்கவில்லை, அதுவாக நடந்தது. கை தானாக ஓடியது: ‘எனக்கு இரண்டு காதும் கேக்காது. எட்டு வருஷமா யார் பேசினாலும் வாய் அசையறதுதான் தெரியும். இந்தச் சமையல்காரி திட்டறது மட்டும் படிக்கறப்பவே கேக்குது. அவளை இறக்கிட்டா எனக்கு மறுபடியும் சத்தமே இருக்காது.’

எழுதிவிட்டு அழுகிறேன்! யாருக்காக? இல்லவே இல்லாத ஒரு மனுஷனுக்காக! சோப்புத்தூள் மூட்டைமேல் உட்கார்ந்து மூக்கைச் சிந்தி, அப்புறம் அதை நினைத்தே சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. வெளியே சூப்பர்வைசர் யாரிடமோ, “உள்ள ஸ்டீம் அக்கா சிரிக்குது, பைப்ல ஏதோ கோளாறு போல” என்பது கேட்டது. சீட்டை மடித்து, மற்றச் சீட்டுகளோடு கலந்து, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மதியம் விரிப்பை மேசைமேல் வைத்துவிட்டு அண்ணி ஒவ்வொன்றாகப் படித்தாள். என்னுடையது வந்தது. முதல் வரியை மனசுக்குள் படித்தவள், அப்புறம் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். ‘வாய் அசையறதுதான் தெரியும்’ என்ற இடத்தை இரண்டு முறை படித்தாள். எனக்கோ மேசையின் மறுபக்கத்தில் நிற்க முடியவில்லை. உள்ளங்கால் இரண்டும் குறுகுறு என்கின்றன. நான் எழுதியது! நான் போட்ட வார்த்தைக்கு அண்ணியின் கண்ணில் தண்ணீர்! ‘நான்தான், நான்தான்’ என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, “யாரோ பாவம், பெரியவர்” என்றேன்.

“எழுத்துல உப்பு இருக்குடி” என்றாள் அண்ணி.

போதுமே! குடிகாரன் கடைக்குப் போவது மாதிரி தினமும் சோப்புத்தூள் அறைக்குப் போனேன். இரண்டாம் நாள் ஒரு இளம் டாக்டர் வந்தார்: ‘நான் கத்தி பிடிக்கிறவன். யாராவது என்னைத் திட்டிக்கிட்டே இருந்தாத்தான் கை நடுங்காது.’ மூன்றாம் நாள் பிள்ளை பெற்ற ஒருத்தி: ‘என் பெண் பிறந்ததிலிருந்து கத்துகிறாள். சமையல்காரியின் பெயரையே வைக்கலாம் என்றிருக்கிறோம், பெயரைத் தெரிவிக்கவும்.’ அண்ணிக்கு அன்றைக்கெல்லாம் வேலை ஓடவில்லை. சமையல்காரிக்கு அதுவரை ஒரு பெயரே வைத்திருக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது பெயர் பெயராகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். முன் இருக்கைக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

ஒன்பது நாளில் ஒன்பது பேரைப் படைத்துவிட்டேன். ராத்திரி படுத்தால் அவர்கள் என் கட்டிலைச் சுற்றி நின்று, அடுத்து நான், அடுத்து நான் என்றார்கள். கதை ஆகாது என்று சொன்ன வாய் இதுதான். ஆனால் கணக்கு என்னவோ கணக்குதான். இறக்கச் சொல்லி நாற்பத்தோரு பேர், வேண்டாம் என்று ஒன்பது பேர். அந்த ஒன்பதும் நானே.

வெள்ளிக்கிழமை அண்ணி கதையை முடித்தாள். ஒரு சீட்டுப் போதவில்லை, ஒன்பது சீட்டில் எழுதி எலும்பு வார்டு மூட்டையில் கட்டினாள். என்னிடம் காட்டவில்லை. வழக்கமாக ஒரு வரி எழுதினாலே மூக்குக்கு நேராக நீட்டுகிறவள், அன்றைக்கு என் முகத்தையே பார்க்கவில்லை. போயிற்று, இறக்கிவிட்டாள் என்று முடிவு செய்துகொண்டேன். அவள் கை கழுவப் போனதும், லிஃப்டுக்காக நின்ற தள்ளுவண்டிக்கு ஓடி, முடிச்சை அவிழ்த்துப் படித்தேன்.

தீவு தெரிகிறது. சமையல்காரி பெட்டியோடு மேல்தளத்தில் நிற்கிறாள். அப்போது கேப்டனிடம் ஒன்பது கடிதங்கள் வந்து சேர்கின்றன. முதலாவது: ‘எனக்கு இரண்டு காதும் கேக்காது...’

ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. பெரியவர், டாக்டர், பிள்ளை பெற்றவள் என்று ஒன்பது பேரும் அப்படியே கப்பலில் ஏறியிருந்தார்கள். கேப்டன் அத்தனையையும் படித்துவிட்டு, முதன்முதலாக வானத்தைப் பார்க்காமல் அவளைப் பார்த்து, “சாப்பாடு என்ன?” என்று கேட்கிறான்.

“திருட்டுத்தனமா படிக்கறயா?” அண்ணி பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“இல்ல அண்ணி, வந்து... இந்தக் கடுதாசியெல்லாம் வார்டுக்காரங்க எழுதினதாச்சே. நீங்க பாட்டுக்கு எடுத்துப் போட்டுக்கலாமா?”

அண்ணி மேலங்கிப் பையிலிருந்து அந்த ஒன்பது கடிதச் சீட்டுகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள். நீளவாட்டில் இரண்டு, திரும்ப இரண்டு, குறுக்கில் மூன்று. ஒவ்வொன்றிலும் ஒரு முனை மூக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“வார்டுல யாருக்குடி இப்படி மடிக்கத் தெரியும்?”

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அடித்தளத்துக்கும் கீழே எங்கே போவது? இடக்கையால் எழுதத் தெரிந்த எனக்கு, மடிக்கும்போது புத்தி எங்கே மேயப் போனதோ!

“எப்பத் தெரிஞ்சுது?”

“பெரியவர் கடுதாசியைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே.”

“அப்ப ஏன் சொல்லல?”

“சொன்னா நீ நிறுத்திடுவ.”

என்னை வீட்டைவிட்டு அனுப்பப் போகிறாளா என்று கேட்க நினைத்ததை அப்போதும் கேட்கவில்லை. லிஃப்ட் வந்தது, மூட்டை மேலே போனது. அண்ணி விரிப்பின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டாள், நான் மறுபக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் லிஃப்ட் திறந்தது. ஊன்றுகோல் இரண்டோடு, ஒரு காலில் கட்டோடு, ஆஜானுபாகுவாக ஒரு பெண் வெளியே வந்தாள். ஊன்றுகோல் பிடித்த கையிலேயே எங்கள் சீட்டுகள் ஒரு கட்டாக இருந்தன. டிஸ்சார்ஜ் ஆகிப் போகிற வழியில் எங்களைத் தேடி அடித்தளத்துக்கு இறங்கியிருக்கிறாள். நாலாம் கட்டில்!

“யாருங்க இதை எழுதறது?”

அண்ணி கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

“நல்லா எழுதறீங்க. ஆனா எனக்கு இப்ப அது முக்கியமில்ல. அந்தக் காது கேக்காத பெரியவரு எந்த வார்டு? ‘படிக்கறப்பவே கேக்குது’ன்னு எழுதியிருக்காரே, நெசமா இங்க இருக்கறவருதானே? பதினாலு வார்டும் நர்ஸுங்களை விட்டுத் தேடிட்டேன், ஆளைக் காணோம். சமையல்காரியை இறக்குன்னு நான்தான் எல்லாரையும் தூண்டிவிட்டேன். அந்த மனுஷன் கடுதாசியைப் படிச்சதிலேர்ந்து மனசே சரியில்ல. பார்த்து ஒரு மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்.”

அண்ணி என் பக்கம் மோவாயை நீட்டினாள். “அவரைப் பத்தி இவங்களுக்குத்தான் தெரியும்.”

படுபாவி! ஒரு மூச்சு இழுத்தேன். அப்புறம் பாருங்கள், அது பாட்டுக்கு வந்தது.

“அவரா? இன்னிக்குத்தான் டிஸ்சார்ஜ் ஆயிட்டாரே! நீங்க வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. நீலச் சட்டை. பித்தான் ஒண்ணு மாத்திப் போட்டிருந்தாரு, நான்தான் சரி பண்ணிவிட்டேன்.”

“அடடா! யாரு வந்து கூட்டிட்டுப் போனாங்க?”

“தம்பியும் தம்பி பொண்டாட்டியும். அவருக்குன்னு வேற யாரும் இல்ல. பத்து நாள் இருந்துட்டுப் போறேன்னு தம்பி வீட்டுக்கு வந்தவரு. பதினொரு வருஷமா அங்கதான் இருக்காரு.”

சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. லாரிக்கார அம்மாவின் முகம் வாடிவிட்டது.

“ஐயோ, அடுத்தவங்க வீடா? அங்க அவரை நல்லா வச்சுப்பாங்களா? திடீர்னு ஒரு நாள் போகச் சொல்லிட்டா?”

எனக்கு அதற்குமேல் கதை வரவில்லை. அண்ணியைப் பார்த்தேன்.

“அதெல்லாம் சொல்ல மாட்டாங்க” என்றாள் அண்ணி. அவள் பார்த்தது லாரிக்கார அம்மாவை இல்லை. “நான் அந்தத் தம்பி பொண்டாட்டிகிட்டப் பேசினேன். அவரு பெட்டியை எப்பவோ எடுத்து, பழைய துணி போட்டு வச்சுட்டாளாம். இனிமே போகணும்னாலும் அவருக்குப் பெட்டி கிடையாதாம்.”

லாரிக்கார அம்மா, “நல்ல மனுஷங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் முண்டியடித்துக்கொண்டு வந்து, கடைசியில் ஒரு விக்கலாக வெளியே வந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் குனிந்து கட்டிலுக்கு அடியில் பெட்டியை இழுத்துத் திறந்தேன். உள்ளே அடைத்துக்கொண்டு கிடந்தன அண்ணனின் கிழிந்த சட்டைகளும், பழைய திரைச்சீலைகளும். அடுப்படியிலிருந்து அண்ணி, “என்னடி உருட்டற?” என்றாள். “ஒண்ணுமில்ல அண்ணி” என்று சொல்லிவிட்டு, ஒரு பேனா எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தேன்.